யாருக்கெல்லாம் தெரியும்

புனேயில் ஐந்தாவது சுற்று. பதினோராவது நகர்வை ஆடிக் கடிகாரத்தை அழுத்திய யசோதரா, எதிரே உட்கார்ந்திருந்த பிலோமி எப்படியும் அரை மணி நேரம் யோசிப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தாள். அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாமென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அவள் முழுதாக எழுந்து நிற்பதற்குள் பிலோமி தன் யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டு, நகர்வைத் தாளில் எழுதத் தொடங்கியிருந்தாள்.

யசோதரா மறுபடி உட்கார்ந்தாள்.

அவள் பலி கொடுத்த சிப்பாயைப் பிலோமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார் ஆடியிருந்தாலும் அந்தச் சிப்பாயைத்தான் முதலில் எடுப்பார்கள். எடுத்தால் மாட்டிக்கொள்வார்கள். எடுக்காமல் யானையை நகர்த்துவதுதான் ஒரே சரியான பதில் என்பதைக் கண்டுபிடிக்க யசோதராவுக்கே கம்ப்யூட்டரோடு மூன்று வாரம் ஆகியிருந்தது. பிலோமிக்குப் பத்து விநாடி ஆயிற்று.

அந்த ஆட்டத்தில் யசோதரா தோற்றாள். தோல்வி அவளுக்குப் புதிது அல்ல. ஆனால் கைகொடுக்கும்போது பிலோமி கண்ணைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு ஓடியது அவள் மனத்தில் தைத்துவிட்டது. அறை வாசலில் பிலோமியின் பயிற்சியாளர் சுப்புராயன் நின்றிருந்தார். மதுரையில் பெரிய அகாடமி வைத்திருப்பவர். யசோதராவைப் பார்த்து, "நல்லா ஆடினீங்கம்மா" என்றார். தோற்றவளிடம் அப்படிச் சொல்வது மரியாதைக்காகத்தான். இருந்தாலும் அவர் சிரிப்பில் கொஞ்சம் கூடுதலாக என்னவோ இருந்ததாக அவளுக்குப் பட்டது.

திரும்பி வரும் ரயிலில் அவள் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன் புவனேஸ்வரத்தில் அதே அகாடமிப் பெண் ஒருத்தி, யசோதரா புதிதாகத் தயார் செய்து போயிருந்த ஒரு நகர்வு வரிசையை, பாடம் ஒப்பிப்பதுபோல ஆடி டிரா வாங்கினாள். அப்போது தற்செயல் என்று விட்டுவிட்டாள். இப்போது அப்படி விட முடியவில்லை.

யசோதராவுக்கு வயது இருபத்தாறு. நாலு முறை மாநில சாம்பியன். இருபத்திரண்டாவது வயதில் தேசிய மகளிர் பட்டம் வாங்கினாள். வியாசர்பாடியில் எட்டு வயதில் மாநகராட்சிப் பள்ளியில் செஸ் ஆடத் தொடங்கியவள். வீட்டை இடித்து எர்ணாவூரில் மாற்று வீடு கொடுத்தபோதும் ஆட்டத்தை விடவில்லை. பன்னிரண்டு வயதில் ஒரு போட்டியில் வரிசையாக ஆறு பேரை ஜெயித்ததும், பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர் யாரோ புகார் சொல்லி, அமைப்பாளர் அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார். டிபன் பாக்ஸும் ஒரு சீப்பும் விழுந்தன. "எந்த ஏரியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் போட்டியையும் அவள்தான் ஜெயித்தாள்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் எண்ணூர்ப் பக்கம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. போட்டிகளுக்குப் போகச் சிறப்பு விடுப்பு உண்டு. ஆனால் கடந்த ஒரு வருடமாக அவள் இறங்குமுகத்தில் இருந்தாள். "இந்த வருஷமும் ரிசல்ட் இல்லைன்னா சாதாரண லீவுதான்மா" என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

தன் ஆட்டம்தான் மழுங்கிவிட்டதென்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். புனே ரயிலில், அரக்கோணம் தாண்டும்போது, முதல் முறையாக வேறு மாதிரி நினைத்தாள். தான் தயார் செய்வதை யாரோ எதிராளிகளுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

யாருக்கெல்லாம் தெரியும்? விரல் விட்டு எண்ண ஒரு கைகூட வேண்டியிருக்கவில்லை. பயிற்சியாளர் செங்குட்டுவன் ஒருவர். சேலத்தில் இருக்கிறார், வாரம் இரண்டு நாள் போனில் பேசுவார். இன்னொருத்தி தஹ்சீன்.

தஹ்சீன் அவளுக்குப் பதினாலு வருஷத்துத் தோழி. பழைய வண்ணாரப்பேட்டையில் புடவைக்கு ஃபால்ஸும் லைனிங் துணியும் விற்கும் மதார் சாகிபின் மகள். இருவரும் ஒரே போட்டியில் அறிமுகமானவர்கள். தஹ்சீன் நல்ல ஆட்டக்காரி, ஆனால் யசோதரா அளவுக்கு மேலே போகவில்லை. ஞாயிறுதோறும் மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து எர்ணாவூருக்கு வருவாள். கூடத்தில் பலகையைப் போட்டு இரண்டு பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆடுவார்கள். யசோதராவின் அம்மா கன்னியம்மா சோறு போடுவாள். பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலையில் வெல்டராக இருக்கும் அப்பா கிருஷ்ணப்பன், ஞாயிறு லீவென்பதால் பனியனோடு சுற்றிவந்து, பலகையை எட்டிப் பார்த்து, போனில் படம் எடுத்து, "இன்னாம்மா, யாரு கெலிக்கறா?" என்று கேட்டுவிட்டுப் போவார். செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்பதுகூட அவருக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

ஏப்ரலில் திருச்சியில் மாநிலப் போட்டி. அதற்கு முன் யசோதரா ஒரு சோதனை வைத்தாள். செங்குட்டுவனிடம் போனில் ஒரு புதிய திட்டத்தைச் சொன்னாள். தஹ்சீனிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தஹ்சீனோடு மூன்று ஞாயிறு வேறொரு திட்டத்தை ஆடிப் பழகினாள். அதைச் செங்குட்டுவனுக்குச் சொல்லவில்லை. திருச்சியில் இரண்டையும் ஆடிப் பார்ப்பது, எது கசிந்திருக்கிறதோ அதை வைத்து ஆளைப் பிடிப்பது. இப்படி யோசிப்பதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் செய்தாள்.

நாலாவது சுற்றில் சுப்புராயன் அகாடமிப் பெண் ஒருத்தியிடம் செங்குட்டுவன் திட்டத்தை ஆடினாள். அந்தப் பெண் திணறிப்போய் முப்பது நகர்வில் தோற்றாள். ஏழாவது சுற்றில் பிலோமி வந்தாள். தஹ்சீனோடு பழகிய திட்டத்தை எடுத்தாள் யசோதரா. ஒன்பதாவது நகர்வில் பிலோமி ராணியைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள், யோசிக்காமல். தஹ்சீன் இரண்டாவது ஞாயிறு கண்டுபிடித்த அதே பதில். "யசோ, இத்த எவளாவது ஆடுனா நீ காலி" என்று சொல்லிச் சிரித்திருந்தாள்.

ஆட்டம் டிராவில் முடிந்தது. ஜெயித்திருந்தால்கூட அவளுக்கு எதுவும் தோன்றியிருக்காது.

அடுத்த ஞாயிறு தஹ்சீன் வழக்கம்போல் வந்தாள். கையில் பிரியாணிப் பொட்டலம். உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் யசோதரா கேட்டாள்.

"சுப்புராயன் கிட்ட நீ பேசுறியா?"

"எந்த சுப்புராயன்? மதுரைக்காரரா? நான் ஏன் அவராண்ட பேசப் போறேன்?"

"பிலோமி கிட்ட?"

தஹ்சீன் முதலில் சிரித்தாள். பிறகு யசோதராவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "இன்னா யசோ, இன்னா ஆச்சு?"

யசோதரா திருச்சியில் வைத்த சோதனையைச் சொன்னாள். குரல் உயராமல், ஆட்டத்தை விளக்குவதுபோல ஒவ்வொரு படியாகச் சொன்னாள். அடுப்படியிலிருந்து கன்னியம்மா வந்து நின்றாள். கிருஷ்ணப்பன் பேப்பரை மடித்து வைத்தார்.

"மூணு வாரமா எனக்குப் பொறி வெச்சுகினு, இந்தப் பலகையில என்னோட ஆடிகினு இருந்தியா?" என்றாள் தஹ்சீன்.

"உன் போனைக் குடு."

"அய்யே, இன்னாம்மா இது" என்று கன்னியம்மா குறுக்கே வந்தாள். "வூட்டுக்கு வந்த புள்ளய..."

"நீ சும்மா இரும்மா."

தஹ்சீன் போனைத் திறந்து பலகையின் மேல் வைத்தாள். காய்கள் நாலைந்து சாய்ந்தன. யசோதரா எடுத்துப் பார்த்தாள். வாட்ஸ்அப், அழைப்புகள், மெயில். ஒன்றுமில்லை. தஹ்சீனின் தங்கை ஜன்னத் அனுப்பிய மருதாணிப் படங்களும், கடைக்கு வரவேண்டிய துணிக்கட்டு பற்றி மதார் சாகிப் அனுப்பிய குரல் செய்திகளும்தான் இருந்தன.

"ஒண்ணும் இல்ல" என்றாள் தஹ்சீன்.

"அழிச்சிருப்பே."

அந்த வார்த்தையை யசோதரா தன் காதாலேயே கேட்டாள். ஆனால் சொல்லியாயிற்று.

தஹ்சீன் போனை வாங்கிக்கொண்டாள். "பன்னெண்டு வயசுல உன் பையக் கவுத்தாங்கோ. அன்னிக்கு ராத்திரி என்னாண்ட சொல்லி அழுத. இன்னிக்கு நீ என் போனை வாங்கிப் பாக்குற. இதுல நீ எந்தப் பக்கம் கீறேன்னு யோசிச்சுக்கோ." கிருஷ்ணப்பன் பக்கம் திரும்பி, "வரேன் நைனா" என்றாள். பிரியாணிப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதை யாரும் தொடவில்லை. மறுநாள் கன்னியம்மா எடுத்துக் கீழே நாய்களுக்குப் போட்டாள்.

அன்றைக்கே தஹ்சீன் யசோதராவின் எண்ணைத் தடை செய்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு அப்டி செய்யாதும்மா" என்று கிருஷ்ணப்பன் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "உனக்கு செஸ் தெரியுமா நைனா?" என்று கேட்டாள். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன்பின் யசோதரா தனியாகத்தான் பயிற்சி செய்தாள். கூடத்தில் பலகையைப் போட்டு, லேப்டாப்பைத் திறந்து, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஆடினாள். செங்குட்டுவனிடமும் பாதி விஷயத்தைத்தான் சொன்னாள். எதையோ மறைக்கிறாள் என்று தெரிந்ததும் அவரும் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். வெளியாள் யாருக்கும் ஒரு நகர்வுகூடத் தெரியாது என்ற நிம்மதியோடு ஜூலையில் ஹைதராபாத் போனாள்.

மூன்றாவது சுற்றில் சுப்புராயன் அகாடமியின் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, யசோதரா நோட்டில் மட்டும் எழுதி வைத்திருந்த ஒரு வரிசைக்குத் தயாராக வந்திருந்தாள்.

அந்த நேரத்தில் நியாயமாக அவளுக்கு ஒன்று தோன்றியிருக்க வேண்டும். சொன்னது தஹ்சீன் இல்லை. ஆனால் மூன்று மாதமாக வளர்ந்த சந்தேகம் அவ்வளவு லேசில் ஆளை விடவில்லை. நான் வேலைக்குப் போனபோது தஹ்சீன் வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்திருப்பாளோ? அம்மா பாவம் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டிருப்பாளோ? ஊருக்கு வந்ததும் கன்னியம்மாவிடம், "நான் இல்லாதப்ப தஹ்சீன் வந்தாளா? உண்மையைச் சொல்லு" என்று கேட்டாள்.

கன்னியம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அடுத்து நானா?"

யசோதரா லேப்டாப்பின் கடவுச்சொல்லை மாற்றினாள். அதன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டினாள். எதிர் பிளாக்கின் மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்திருந்தவர்கள் எட்டிப் பார்ப்பதுபோல் தோன்றவே, ஜன்னலுக்கு ஒரு பழைய போர்வையை மாட்டினாள். கூடத்தில் காற்றே வரவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் அவள் நோட்டைக் குனிந்து பார்த்தார் என்று ஒரு நாள் எரிந்து விழுந்தாள். அவர் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்திருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு மதியம். நிறுவனத்தின் கேன்டீனில் சாதம் போடும் சீனியம்மாள், தட்டை நீட்டியபோது அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நேத்து மஞ்சா சுடிதார்ல சூப்பரா இருந்தம்மா. போர்டு முன்னாடி கைய கன்னத்துல வெச்சுகினு. என் பேத்திக்குக் காட்டுனேன், பாருடி, நம்ம ஆபீஸ் பொண்ணுன்னு."

"நேத்தா? எங்க பாத்தீங்க?"

"பேஸ்புக்குலதான். உங்க அப்பா டெய்லி போடறாரே. உனக்குத் தெரியாதா?"

யசோதரா பேஸ்புக்கில் இல்லை. அது வயசானவர்கள் சமாச்சாரம் என்று சொல்லி எப்போதோ விலகியிருந்தாள். சீனியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காட்டினாள். "எங்கள் யசோதரா" என்று ஒரு பக்கம். முகப்பில் தேசியப் பட்டக் கோப்பையோடு அவள். அதற்குக் கீழே, ஆயிரத்துக்கும் மேல் பின்தொடர்வோர் என்றிருந்தது.

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சீனியம்மாளின் போனில் கீழே கீழே தள்ளிப் பார்த்தாள். கிட்டத்தட்ட ஒன்றரை வருஷப் படங்கள். பட்டம் வாங்கியபின் நைனாவுக்கு அவளே வாங்கிக் கொடுத்த போன். அதில் படம் நன்றாகவே விழுந்திருந்தது. "என் மகளின் உழைப்பு" என்று ஒரு படம்: அவள் நோட்டின் இரண்டு பக்கம், அவள் கையெழுத்து, எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. "புனேவுக்குத் தயாராகிறாள்": பலகையும் லேப்டாப் திரையும், பலி கொடுத்த சிப்பாய் உட்பட. "இரு தோழிகள்": அவளும் தஹ்சீனும் நடுவில் பலகையும், பலகையின் ஓரத்தில் ராணி. தேதியைப் பார்த்தாள். மார்ச் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு. போனில் மட்டும் செங்குட்டுவனிடம் சொன்ன திட்டம் எந்தப் படத்திலும் இல்லை.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பெயர் தவறாமல் விருப்பம் போட்டிருந்தது. சுப்புராயன். சில படங்களுக்கு, "வாழ்த்துகள் ஐயா" என்றும் எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் அப்பா, "நன்றி சார், உங்கள் ஆசி" என்று பதில் போட்டிருந்தார்.

"இன்னாம்மா, சாப்புடலியா?" என்றாள் சீனியம்மாள்.

அன்று சாயங்காலம் யசோதரா பஸ்ஸில் ஏறாமல் நடந்தாள். எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. நைனாவிடம் போய்ப் பலகையைத் தூக்கி எறிந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. முன்பு பதினாறு வயதில், போட்டி அரங்கில் வீடியோ எடுத்ததற்கு அவள் நாலு பேர் முன்னால் திட்டியதில் அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தைப் பற்றி அவளிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. சுப்புராயனைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. தெருவில் ஒட்டிய போஸ்டரைப் படித்தவன் திருடனா?

வீட்டை நெருங்கும்போது அவளுக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது. அது வந்த வேகம் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவள் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. உண்மையான பயிற்சியைத் தன் அறைக்குள் மாற்றிக்கொண்டாள். கூடத்துப் பலகையில் பழைய, பயனில்லாத நிலைகளை வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து டீ குடித்தாள். கிருஷ்ணப்பன் படம் எடுத்தார்.

செப்டம்பரில் தேசிய மகளிர் போட்டி சென்னையிலேயே நடந்தது. தெற்கே ஒரு கல்லூரி அரங்கில். தினமும் வீட்டிலிருந்தே போய்வந்தாள். சுப்புராயன் ஆட்கள் மூன்று பேரை அடுத்தடுத்து வென்றாள். பத்துச் சுற்று முடிந்தபோது அவளும் பிலோமியும் சமப் புள்ளிகளில் முதலிடத்தில் இருந்தார்கள். கடைசிச் சுற்றில் அவளுக்கும் பிலோமிக்கும் ஆட்டம். பிலோமிக்கு வெள்ளை.

மறுநாள் ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு. காலை ஏழு மணிக்கே யசோதரா கூடத்தில் பலகையைப் போட்டாள். கறுப்புக் காய்களில் ராஜா பக்கத்துக் குதிரையின் முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, மந்திரியை அந்த ஓட்டையில் வைத்து, இளம்பெண்கள் ஆசைப்பட்டு ஆடும் ஒரு முரட்டுத் தாக்குதலை அடுக்கினாள். நோட்டைத் திறந்து அதே வரிசையை இரண்டு பக்கம் எழுதிப் பக்கத்தில் வைத்தாள். கிருஷ்ணப்பன் குளித்துவிட்டு விபூதி இல்லாத நெற்றியோடு, சுவரிலிருந்த புத்தர் படத்துக்குக் கீழே ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்.

"நைனா."

"இன்னாம்மா?"

"இன்னிக்கு ஃபைனல். போட்டோ எடுக்கலியா?"

அவர் திரும்பிப் பார்த்த பார்வையை அவளால் நேராகச் சந்திக்க முடியவில்லை. இத்தனை நாள் அவளுக்குச் சொல்லாமல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்ததை மகளே கேட்டுவிட்டாள். ஊதுபத்தியைச் சொருகிவிட்டு, கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "கொஞ்சம் சிரிம்மா. ஆங். நோட்டும் தெரியட்டும்." எட்டுப் படம் எடுத்தார்.

மதியம் பிலோமி ராணி முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினாள். யசோதரா ராஜா பக்கக் குதிரையை வெளியே எடுத்தாள். பிலோமி உடனே அடுத்ததை ஆடினாள். காலையில் கூடத்துப் பலகையில் தள்ளி வைத்த அந்தச் சிப்பாய் இப்போது நகர வேண்டும். யசோதரா ராஜா முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

சின்னக் குழந்தைகள்கூட ஆடும் சாதாரண நகர்வு அது. அதற்குப் பிலோமி ஒன்பது நிமிடம் யோசித்தாள். தலையைத் தூக்கி, கயிறு கட்டிய தடுப்புக்கு அப்பால் நின்ற சுப்புராயனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையெல்லாம் ஒரே வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு வந்தவள், வேறெதற்கும் தயாராக இல்லை. மோசமாக ஆடவில்லை; ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கும் பயந்தாள். இதிலும் ஏதோ பொறி இருக்கிறது என்று தேடித் தேடி நேரத்தைத் தின்றாள். ஐம்பத்தெட்டாவது நகர்வில் கையை நீட்டினாள். இந்த முறை யசோதராதான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

தேசியப் பட்டம் இரண்டாவது முறை. எர்ணாவூர் முனையில் பட்டாசு வெடித்தார்கள். கிருஷ்ணப்பன் மாலையோடு நின்ற மகளின் காதருகே வந்து, "நான் எடுத்த போட்டோ ராசிம்மா. பாத்தியா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

இரண்டு நாள் கழித்து வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். கடைக்கு மேல் மாடியில்தான் தஹ்சீன் வீடு. ஜன்னத் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். தஹ்சீன் வந்து வாசற்படியிலேயே நின்றாள். யசோதரா எல்லாவற்றையும் சொன்னாள். பேஸ்புக் பக்கம், ராணி இருந்த படம், சுப்புராயன், கடைசி நாள்.

"தப்பு என்னுது. மன்னிச்சுடு தஹ்சீன்."

"சரி. நைனாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"சொல்லல. தாங்கமாட்டாரு."

"என்னைத் திருடின்னு சொன்னது எங்க? உன் வூட்டுக் கூடத்துல. உங்க அம்மா, நைனா ரெண்டு பேரும் நின்னுகினு இருந்தாங்க. இல்லன்னு சொல்றதுக்கு மட்டும் என் வூட்டுப் படியா?" தஹ்சீன் குரலைத் தாழ்த்தினாள், கீழே கடையில் மதார் சாகிப் இருந்தார். "அவரு மனசு நோகக் கூடாது. என்னுது நொந்தா பரவால்ல. அப்டித்தானே?"

யசோதரா படியிறங்கி வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் நைனாவையும் அம்மாவையும் கூடத்தில் உட்காரவைத்து அவள் சொன்னாள். கிருஷ்ணப்பன் முதலில் புரியாமல் சிரித்தார். பிறகு போனை எடுத்து, மார்ச் மாதப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் ராணி எது என்று மகளிடம் கேட்டார். அவள் காட்டினாள்.

"அப்ப அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல."

"இல்ல நைனா."

"நான் பண்ணது."

"நீ தெரிஞ்சு செய்யல. நான்தான் விசாரிக்காம..."

அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா ஏதோ சொல்ல வந்தாள், கையைக் காட்டி நிறுத்தினார்.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

"ஆகஸ்ட்ல."

"ஆகஸ்ட்ல." விரல்களை மடக்கி எண்ணினார். "அப்டின்னா அந்தக் கடைசி நாளு... போட்டோ எடுக்கலியான்னு நீயாத்தானே கேட்ட? சிரிச்சுகினு உக்காந்த. அது மதுரைக்காரருக்கா?"

யசோதரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்கூட இன்னாவோன்னு நெனச்சிட்டேன்" என்றார் கிருஷ்ணப்பன். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோபத்தில் கதவைச் சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் சத்தமில்லாமல்தான் சாத்தினார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வண்ணாரப்பேட்டைக்குப் போய், கடையில் வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே, "பாய், உங்க பொண்ணு மேல எங்க வூட்டுல ஒரு பழி விழுந்துச்சு. அது என்னால வந்தது" என்று மதார் சாகிபின் கையைப் பிடித்துக்கொண்டாராம். மதார் சாகிபுக்கு அப்படி ஒரு பழி விழுந்ததே தெரியாது. தஹ்சீன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அந்த ஞாயிறு தஹ்சீன் எர்ணாவூருக்கு வந்தாள். "உனக்காக வரல. நைனா கூப்ட்டாரு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். கன்னியம்மா பரிமாறிய மீன் குழம்பைச் சாப்பிட்டாள். கிருஷ்ணப்பனோடு பேசினாள், ஜன்னத்தின் கல்யாணப் பேச்சைப் பற்றிக் கன்னியம்மாவோடு பேசினாள். சாப்பிட்டுக்கொண்டே அவள் பார்வை ஒரு தரம் யசோதராவின் அறைப் பக்கம் போய் வந்தது. கதவு திறந்திருக்கிறதா, நோட்டு வெளியே கிடக்கிறதா என்று யசோதராவின் மனம் தானாகப் போய்த் தேடியது. அடுத்த நொடி முகம் சுட்டது. எழுந்து போய்த் தஹ்சீன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

தஹ்சீன் புறப்படும்போது யசோதரா விம்கோ நகர் ஸ்டேஷன் வரை கூடவே நடந்தாள். தஹ்சீன் வேண்டாமென்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

"இனிமே பிராக்டிஸுக்கு வரமாட்டேன்" என்றாள் தஹ்சீன். "நவம்பர்ல ஒரு ஓபன் டோர்னமென்ட் கீது. பேரு குடுத்துட்டேன். எதிர்ல உக்காந்தா ஆடலாம்."

"சரி."

டிக்கெட் தடுப்புக்கு உள்ளே போய்விட்டுத் திரும்பினாள். "உன் கடைசி ரவுண்டு நெட்ல பாத்தேன். முப்பத்தியொண்ணாவது மூவ்ல யானையைக் கீழ எறக்கிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். பயந்துகினு ஆடின." பதிலுக்குக் காத்திராமல் படியேறிப் போய்விட்டாள்.

யசோதரா வீட்டுக்கு வந்து பலகையில் அந்த நிலையை வைத்தாள். யானையைக் கீழே இறக்கினாள். பிலோமிக்கு என்னென்ன பதில் உண்டோ அத்தனையும் ஆடிப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. ஆறே நகர்வில் ஆட்டம் முடிந்தது.

போனை எடுத்து, "நீ சொன்னது ரைட்டு" என்று தஹ்சீனுக்கு அனுப்பினாள். செய்தியின் ஓரத்தில் ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. தஹ்சீன் இன்னும் தடையை எடுக்கவில்லை. யசோதரா காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டாள். சமையலறையில் நைனாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, அவளையும் சாப்பிடக் கூப்பிட்டாள்.